தாங்குகோலும் தோல்வேட்டையும்: வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் ஒரு சிறு கருவியின் வரலாற்றிடம் (1871–1883)

முன்னுரை

வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் திரளாக மேய்ந்துவந்த காட்டெருமைகள் 1871க்கும் 1883க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய முற்றாக அழிந்தன. இவ்வழிவுக்கு இரயில்பாதைகளின் விரிவு, தோல் பதனிடும் தொழிலின் வளர்ச்சி, நெடுந்தொலைவு சுடும் ரைபிள் ஆகியவற்றை வரலாற்றாசிரியர்கள் காரணங்களாகக் காட்டுவர். அந்த ரைபிளின் குழலைத் தாங்கிநின்ற இரு கோல்களுக்கு இவ்விளக்கங்களில் பெரும்பாலும் தனி இடம் அமைவதில்லை. காப்புரிமையோ தொழிற்சாலை முத்திரையோ இன்றி, வேட்டைக்காரர் தாமே செதுக்கிக்கொண்ட எளிய பொருள் அது. தோல்வேட்டை ஒரு தொழில்முறையாக இயங்குவதில் அத்தாங்குகோலுக்கு இருந்த பங்கையும் அப்பங்கின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்க்களத்திலிருந்து வேட்டைக்களத்திற்கு

துப்பாக்கியைத் தாங்கி நிறுத்தும் கோல் 19ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பன்று. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைவீரர், கையில் ஏந்திச் சுடுதற்கரிய கனத்த மஸ்கட் துப்பாக்கியைக் கவைக்கோலின்மீது வைத்துச் சுட்டனர். மஸ்கட்டின் எடை குறையவே, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அக்கவைக்கோல் படைகளில் பெரும்பாலும் வழக்கிழந்தது. கருவியின் எடைக்கும் தாங்குகோலின் தேவைக்கும் உள்ள தொடர்பை இது உணர்த்துகிறது. பெருஞ்சமவெளியில் கனத்த துப்பாக்கி மீண்டும் வந்தபோது, அதனுடன் தாங்குகோலும் வந்தது.

தோல்வேட்டைக்காரர் விரும்பிய ஷார்ப்ஸ் வகை ரைபிள்களுள் பல 12 முதல் 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5.5 முதல் 7 கிலோ எடை கொண்டவை. தடித்த குழல் பின்னுதைப்பைக் குறைத்தது. தொடர்ந்து சுடும்போது விரைந்து சூடேறாமலும் இருந்தது. ஆயினும் அவ்வெடையைக் கைகளில் ஏந்தி நாள் முழுதும் குறிபார்ப்பது எளிதன்று. ஏறத்தாழ மூன்று அடி நீளமுள்ள இரு கோல்களை மேல்முனைக்குச் சற்றுக் கீழே தோல்வாரால் பிணைத்து, கால்களை அகற்றி ஊன்றி, மேலே அமையும் கவையில் குழலை வைத்ததும் அவ்வெடை நிலத்திற்கு மாறியது. எடையின் பயன் நிலைக்க, அதன் சுமை மட்டும் நீங்கியது.

குறியின் கணக்கு

இம்மாற்றத்தின் அளவை எளிய கணக்கால் விளக்கலாம். குழலின் திசை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிறழ்ந்தாலும், 200 கெஜத் தொலைவில் தோட்டா ஏறத்தாழ ஓரடி விலகிவிடும். மூச்சும் தசைநடுக்கமும் கையிலேந்திய துப்பாக்கியில் இத்தகைய பிறழ்வை எளிதில் உண்டாக்கும். வேட்டைக்காரரோ விலங்கின் உடலில் எங்கேனும் சுட விரும்பவில்லை, நுரையீரலையே குறிவைத்தனர். இதயத்தில் அடிபட்ட காட்டெருமை சிறிது தூரம் பாய்ந்தோடி மந்தையைக் கலைத்துவிடக்கூடும். நுரையீரலில் அடிபட்டது பெரும்பாலும் சிறிது நேரம் நின்று, குருதி கக்கி, நின்ற இடத்தருகிலேயே சாயும். மந்தையை நடத்தும் விலங்கை இவ்வாறு முதலில் வீழ்த்தினால், மற்றவை ஓடாமல் அதனைச் சுற்றியே தயங்கி நிற்கும். மந்தையை இங்ஙனம் ஓரிடத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சுடுவதை வேட்டைக்காரர் ‘ஸ்டாண்ட்’ என்றனர்.

குதிரைமேல் விரைந்து மந்தையைத் துரத்தும் வேட்டையில் விலங்கும் ஓடியது, வேட்டைக்காரரும் ஓடினர். தாங்குகோல் வேட்டையிலோ இருவரும் அசையவில்லை. காற்றெதிர்த் திசையில் தாழ்ந்து அமர்ந்திருந்த மனிதரைக் கூரிய மோப்பமும் மங்கிய பார்வையும் உடைய அவ்விலங்கு உணரவில்லை. 1877இல் வெளிவந்த தம் நூலில் கர்னல் ரிச்சர்ட் இர்விங் டாட்ஜ், 200 கெஜ ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் 112 உடல்களை எண்ணியதாகவும், அவையனைத்தையும் ஒரே மனிதர் ஒரே இடத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் வீழ்த்தியதாகவும் பதிவு செய்துள்ளார். ‘ஒரே இடம்’ என்னும் குறிப்பே இவ்வேட்டைமுறையின் இயல்பைத் தெளிவாக்குகிறது. உடல்கள் அருகருகே கிடந்தமையால் தோலுரிப்போரின் உழைப்பும் மிச்சமாயிற்று. இதன் பொருளியற் பயன் சுடுதலோடு முடியவில்லை.

தாங்குகோலின் பங்கிற்கு எல்லை

இதனைக் கொண்டு தாங்குகோலே அழிவுக்குக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. படுத்த நிலையில் சுருட்டிய மேலங்கியின்மீதோ மண்மேட்டின்மீதோ குழலை வைத்துச் சுட்டோரும் உண்டு. தேவைப்பட்டது அசையாத குழல். கோல் அதனை எங்கும் எடுத்துச்செல்லத்தக்கதாக்கியது. மரமும் பாறையும் அரிதான புல்வெளியில், இருந்த இடத்திலேயே புல்லுக்கு மேலே குழலை உயர்த்தி நிறுத்த உதவியதே அதன் சிறப்பு.

வேட்டையின் தூண்டுதல் வேறிடத்தில் இருந்தது. காட்டெருமைத் தோலைத் தொழிலகத் தோலாகப் பதனிடும் முறை 1871 அளவில் கைகூடியதும் அதற்குச் சந்தை திறந்தது. பதனிடும் நுட்பத்தையும் ஐரோப்பியத் தேவையையும் பொருளியலறிஞர் எம். ஸ்காட் டெய்லர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் முதன்மைப்படுத்துகிறார். வறட்சி, குதிரைகளோடு நேர்ந்த மேய்ச்சற்போட்டி, அதற்கு முந்தைய தோல் வாணிகம் ஆகியவற்றையும் சேர்த்தே காணவேண்டும் என்பது ஆண்ட்ரூ ஐசன்பர்க் போன்றோரின் நிலைப்பாடு. இவ்விரு விளக்கங்களும் ‘ஏன் கொன்றனர்’ என்பதற்கு விடை தருகின்றன. ‘இத்துணை விரைவில் எவ்வாறு இயன்றது’ என்னும் வினாவிலேயே தாங்குகோலுக்கு இடமுண்டு.

எண்ணிக்கையும் உரிமையும்

விரைவின் அளவை இரயில்பாதைக் கணக்குகள் காட்டுகின்றன. டாட்ஜ் தரும் விவரப்படி, அட்சிசன், டொபீகா, சாண்டா ஃபே இரயில்பாதை மட்டும் 1872இல் 1,65,721 தோல்களையும் 1873இல் 2,51,443 தோல்களையும் ஏற்றிச்சென்றது. 1874இல் அது 42,289 ஆகச் சரிந்தது. மூன்றே ஆண்டுகளில் அப்பாதையை அடுத்த பகுதிகளில் விலங்கு அருகியதை இச்சரிவு உணர்த்துகிறது.

இவ்வெண்ணிக்கைகளுக்குப் பின்னால் ஓர் உரிமைச் சிக்கல் இருந்தது. 1867இல் மெடிசன் லாட்ஜ் உடன்படிக்கை, ஆர்கன்சா ஆற்றுக்குத் தெற்கே வேட்டையாடும் உரிமையைக் கயோவா, கோமாஞ்சி மக்களுக்கு அளித்தது. ஆனால் வேட்டைக்குத் தகுந்த அளவில் காட்டெருமைகள் திரியும் காலம்வரையே அவ்வுரிமை செல்லும் என்பது நிபந்தனை. எனவே தோல்வேட்டை, அம்மக்களின் உணவை அழித்ததோடு அவர்தம் உரிமையின் சட்ட அடிப்படையையும் அரித்தது. கோமாஞ்சி, கயோவா, செயென் வீரர்கள் 1874 ஜூன் 27 அன்று டெக்சாசின் அடோபி வால்ஸ் என்னும் தோல்வேட்டைக்காரர் நிலையத்தைத் தாக்கியதன் பின்னணி இதுவே. காட்டெருமையைக் காக்க அதே ஆண்டு அமெரிக்கப் பேராயம் நிறைவேற்றிய சட்டவரைவு, குடியரசுத் தலைவர் கிராண்ட் கையொப்பமிடாமையால் சட்டமாகவில்லை.

தெற்கு மந்தை 1870களின் இறுதியிலும் வடக்கு மந்தை 1883இலும் அழிந்தன. வில்லியம் டெம்பிள் ஹார்னடே 1889 தொடக்கத்துக்கெனத் தொகுத்த கணக்கில் எஞ்சியவை 1,091. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் காப்பின்றிக் காட்டில் திரிந்தவை 85 மட்டுமே.

முடிவுரை

தாங்குகோல் இன்றும் வேட்டையில் வழங்குகிறது. தென்னாப்பிரிக்க நாடுகளில் முக்காலி வடிவத் தாங்குகோல் வேட்டை வழிகாட்டியின் வழக்கமான கருவியாகும். குறி தவறிக் காயமுற்ற விலங்கு துன்புறாதிருக்க அது உதவும் என்பதே இன்று அதற்குக் கூறப்படும் நியாயம். 1870களில் மந்தைகளை அழிக்கத் துணைநின்ற அதே உறுதியான குறி, எண்ணிக்கைக்கு வரம்புள்ள இடத்தில் துன்பம் குறைக்கும் வழியாகிறது. கருவியின் செயல் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த சட்டமும் சந்தையுமே மாறியுள்ளன. ஆதலின் அழிவின் வரலாற்றை எழுதுவோர் ரைபிளின் ஆற்றலை மட்டும் அளத்தல் போதாது. அவ்வாற்றலை ஒரு மனிதர் களைப்பின்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்த இயன்றது எவ்வாறு, அதனைத் தடுக்கும் வரம்பு அங்கு ஏன் இல்லாதிருந்தது என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புதல் வேண்டும்.