155 வருஷப் பொறியில் ஒரு சுண்டெலி

2016 பிப்ரவரி. இங்கிலாந்துல ரெடிங் நகரத்து ஊரக வாழ்க்கை அருங்காட்சியகம். அங்கே சேமிப்பு அறையில இருந்த பழைய எலிப்பொறி ஒண்ணுல எலி மாட்டியிருந்துச்சு. பொறிக்கு வயசு 155. உள்ளே தீனி எதுவும் கிடையாது.

அதைச் செஞ்சவர் காலின் புல்லிங்கர். சசெக்ஸ் கடலோரம், செல்சி ஊர்க்காரர். தச்சு வேலை, மீன்பிடிப்பு, பெயின்டிங், இறுதிச் சடங்கு ஏற்பாடுன்னு அவர் பார்க்காத தொழிலே இல்ல. 1861ல இந்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருக்கிறது ஒரு சீசா பலகை, அவ்வளவுதான். எலி ஏறினா அதோட எடையிலேயே பலகை சாயும், எலி அடுத்த அறைக்குப் போயிடும், பலகை அடுத்த எலிக்குத் தயாராகிடும். எலி சாகாது.

வீட்டுல நாம செய்ற வாளிப் பொறியும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சமையல் மேடை விளிம்புல ஒரு ஸ்கேல், பாதி வெளியே நீட்டிக்கிட்டு. நுனியில துளி பீநட் பட்டர், இல்ல மசால் வடைத் துண்டு. கீழே உயரமான, வழவழப்பான வாளி. எலி நுனிக்கு வந்ததும் ஸ்கேலோட உள்ளே விழும். புல்லிங்கரோட பலகை திரும்ப வரும், நம்ம ஸ்கேல் வராது. வித்தியாசம் அதுதான்.

ஆனா ஜெயிச்சது இந்த வகை இல்ல. 1894ல அமெரிக்காவுல, இல்லினாய்ஸ்காரர் வில்லியம் ஹூக்கர் ஸ்பிரிங் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு மரத்துண்டு, கொஞ்சம் கம்பி. விலை கம்மிங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் பெருசா நினைக்கிறேன்: உயிரோட பிடிச்ச எலியை என்ன செய்றதுன்னு யாருக்கும் தெரியல. நம்ம ஊர்லயும் கம்பிக்கூண்டுல மாட்டின எலியைக் கூண்டோட தண்ணியில முக்கின தாத்தாக்கள் எத்தனை பேர்! ஸ்பிரிங் பொறி அந்த வேலையையும் சேர்த்து முடிச்சுக் கொடுத்துடுது.

அப்புறம் வந்த பசை அட்டை இருக்கே, அது இன்னும் மோசம். கொல்லவும் கொல்லாது, விடவும் விடாது. இங்கிலாந்துல 2024 ஜூலை 31லேர்ந்து பொதுமக்கள் அதை வெச்சா குற்றம்.

சரி, ரெடிங் எலி? அது செத்துத்தான் கிடந்துச்சு. கொல்லாத பொறிதான், நல்லாவே வேலை செஞ்சது. ஆனா அது பிடிச்சிருக்குங்கிறது யாருக்கும் தெரியல.

அதனால வாளி வெச்சீங்கன்னா ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, காலையில எழுந்ததும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. தண்ணி ஊத்தாதீங்க. வெறுங்கையால தொடவும் வேணாம், எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.