இயல்பு மதிப்பு (வலை நிரலாக்கம்)

ஒரு மாறிக்கு வெளியிலிருந்து மதிப்பு எதுவும் வராதபோது எடுத்துக்கொள்ளும்படி நிரலில் முன்பே குறித்து வைப்பது இயல்பு மதிப்பு. நிரலாளர் பேச்சில் 'டீஃபால்ட்'. வலைப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவார்கள், எதை விடுவார்கள் என்று சொல்ல முடியாததால் இங்கே அதன் தேவை அதிகம்.

இது வலைக்கு முந்தைய ஏற்பாடு. 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த போர்ன் ஷெல்லிலேயே இதற்கென ஒரு குறியீடு உண்டு. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி, படிவத்தின் கட்டங்களைத் தானாகவே மாறிகளாக்கி வந்தது. வசதிதான், ஆனால் தொடக்க மதிப்பு தர மறந்த மாறிக்கு, முகவரிப் பட்டை வழியே யாரும் மதிப்பைத் திணிக்க முடிந்தது. 2002-இல் 4.2 பதிப்பு அந்த வசதியை அணைத்து வைத்தது, 2012-இல் 5.4 பதிப்பு ஒரேயடியாக நீக்கியது.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் நெடுங்காலம், இடப்பக்க மதிப்பு பொய்யாகக் கொள்ளப்பட்டால் வலப்பக்கத்து மதிப்பை எடுக்கும் || குறியை நம்பியிருந்தார்கள். அதற்கு 0, வெற்றுச் சரம், 'பொய்' (false) என்ற மதிப்பு, மதிப்பே வராமை எல்லாம் ஒன்றுதான். ஆந்திரத்தின் விசைத்தறி ஊரான நகரியில் ஒருவர் தறி எண்ணிக்கை 0 என்று நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். அதை எண்ணாக மாற்றி, இயல்பு மதிப்பாக 1 வைத்து || போட்டால், தறியில்லாதவருக்கு நிரல் ஒரு தறி கொடுத்துவிடும். சொல்லாமல் விட்டதையும் சுழியம் என்று சொன்னதையும் பிரித்தறிவதே இவ்வரலாற்றின் சாரம். பெர்ல் 2007-இல் இதற்கென // குறியைக் கொண்டுவந்தது. 2015-இல் பிஎச்பி 7 ?? குறியைச் சேர்த்தது, ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில் அது 2020-இல்தான் ஏறியது.

குறி சரியாக இருந்தாலும் மதிப்பு பழையதாகிவிடலாம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, அதுவரை சித்தூர் மாவட்டத்திலிருந்த புத்தூர் அதில் சேர்ந்தது, பக்கத்து நகரி சித்தூரிலேயே நின்றது. 'சித்தூர்' என்று நிரலுக்குள் எழுதி வைத்த படிவம் அன்று முதல் புத்தூர்க்காரருக்குத் தவறான மாவட்டத்தைக் காட்டும். இப்படி மாறக்கூடியதை நிரலில் எழுதாமல் தரவுத்தளத்தில் வைப்பதே முறை.

அந்தத் தரவுத்தளத்துக்கும் ஓர் இயல்பு மதிப்பு உண்டு; தமிழரும் அதனால் அவதிப்பட்டார்கள். சுவீடனில் பிறந்த மைஎஸ்கியூஎல், எழுத்துக்குறி முறை எதுவென்று சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்தையும் சுவீடிஷ் அகரவரிசையையும் எடுத்துக்கொண்டது. அதில் போட்ட தமிழ் பல தளங்களில் கேள்விக்குறிகளாகத் திரும்பி வந்தது. 2018-இல் வெளியான 8.0 பதிப்பில்தான் யுனிகோட் அதன் இயல்பு மதிப்பானது.