பூச்சியத்தின் மூலமும் பூச்சியத்தால் வகுத்தலும்

பூச்சியத்தின் வரலாறு பெரும்பாலும் 'யார் முதலில் கண்டது' என்னும் வழக்காகவே பேசப்படுகிறது. அவ்வழக்கு இங்குத் தேவையில்லை. வெற்றிடத்தைக் குறிக்கும் அடையாளமாக இருந்த ஒன்று, கூட்டவும் பெருக்கவும் மூலம் காணவும் உரிய எண்ணாக ஏற்கப்பட்டபோது எந்தச் செயலுக்கு இணங்கியது, எதில் முரண்டியது என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. வர்க்கமூலத்துக்கு அது உடனே இணங்கியது. வகுத்தலுக்கோ ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் இணங்கவில்லை.

499ஆம் ஆண்டில் தமக்கு வயது 23 எனக் கணக்கிட்டுரைக்கும் ஆரியபடர், ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில் ஒரே செய்யுளில் வர்க்கமூலம் காணும் முறையைத் தருகிறார். ஒன்று, நூறு, பதினாயிரம் ஆகியவை வர்க்க இடங்கள்; பத்து, ஆயிரம் ஆகியவை அவர்க்க இடங்கள். 41209 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் வர்க்க இடமான 4இலிருந்து 2இன் வர்க்கத்தைக் கழித்தால் மீதியில்லை. மூலத்தின் முதல் இலக்கம் 2. அடுத்துள்ள அவர்க்க இடமான 1ஐ, கிடைத்த மூலத்தின் இருமடங்கான 4ஆல் வகுத்தால் ஈவு 0. அந்த 0இன் வர்க்கத்தை 12இலிருந்து கழிக்க 12ஏ எஞ்சும். அடுத்த இலக்கத்தைச் சேர்க்க 120. அதை 20இன் இருமடங்கான 40ஆல் வகுக்க ஈவு 3, மீதியில்லை. கடைசி 9இல் 3இன் வர்க்கம் போக எதுவும் மிஞ்சாது. விடை 203. இடையில் வந்த ஈவு ஒன்றுமில்லையே என்று விட்டுவிட்டால் விடை 23 ஆகிவிடும். செய்யுளில் பூச்சியம் என்னும் சொல்லே இல்லை. ஆயினும் ஈவு அடுத்த இடத்தில் மூலமாக அமையும் என்னும் விதி அதை எழுதியே தீரச் சொல்கிறது.

இங்குப் பூச்சியம் இடத்தைக் காப்பது மட்டுமே. அதனை எண்ணாகக் கொண்டு விதி வகுத்தவர் பிரம்மகுப்தர். பில்லமாலத்தில், அதாவது இன்றைய ராஜஸ்தானின் பீன்மாலில், 628இல் அவர் இயற்றிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தின் 18ஆம் அத்தியாயம் தனம், ருணம், பூச்சியம் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. தனமாயினும் ருணமாயினும் வர்க்கம் தனமே. பூச்சியத்தின் வர்க்கம் பூச்சியம். ஒரு வர்க்கம் எதனுடைய வர்க்கமோ அதுவே அதன் மூலம். இந்த இறுதி வரையறை மிகச் சிக்கனமானது, ஆனால் வலிமையானது. விடையைத் திருப்பிச் சோதிக்கும் வழியை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. 9இன் மூலத்தைத் தேடினால் 3, −3 என இரண்டு கிடைக்கும். 0இன் மூலத்தைத் தேடினால் 0 ஒன்றே கிடைக்கும். −9க்கு எதுவும் கிடைக்காது. 850ஐ ஒட்டி, ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தில் கணிதசாரசங்கிரகம் எழுதிய மகாவீரர், ருண எண் இயல்பிலேயே வர்க்கமன்று, ஆகவே அதற்கு மூலமில்லை என்று இதை வெளிப்படையாகவே சொன்னார். (அந்நூல் ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில் அச்சேறியது.)

வகுத்தலுக்கு வரும்போது இந்தத் தெளிவு குலைகிறது. 0ஐ 0ஆல் வகுத்தால் 0 என்றார் பிரம்மகுப்தர். பிற எண்களைப் பூச்சியத்தைச் சேதமாக உடைய பின்னங்களாகவே நிறுத்திவிட்டார். பூச்சியத்தால் வகுக்கப்பட்ட எண் மாறாது என்றார் மகாவீரர். இவற்றைப் பிழை என்று பாடநூல்கள் ஒரு வரியில் தள்ளிவிடுவது பொருத்தமன்று. மூலத்துக்கு வைத்த சோதனை வகுத்தலுக்கு வைக்கப்படவில்லை என்பதே சரியான மதிப்பீடு. எந்த எண்ணை 0ஆல் பெருக்கினால் 0 வரும்? எல்லா எண்ணும். எந்த எண்ணை 0ஆல் பெருக்கினால் 5 வரும்? எதுவுமில்லை. பூச்சியத்தின் மூலம் ஒன்றே ஒன்றாக நிற்க, பூச்சியத்தால் வகுத்த ஈவு ஒன்றில் அளவின்றிப் பெருகுகிறது, அல்லது இல்லாமலே போகிறது.

1150இல் பாஸ்கரர் இதன் அருகே வந்தார். பூச்சியத்தைச் சேதமாக உடைய எண்ணுக்குக் 'ககரம்' என்று பெயரிட்டார். எதைக் கூட்டினும் கழிப்பினும் அது மாறாதென்று பீஜகணிதத்தில் கூறி, அளவிறந்த பரம்பொருளோடு ஒப்பிட்டார். லீலாவதியில் ஒரு கணக்கு உண்டு: ஓர் எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கி, அதன் பாதியை அதனோடு கூட்டி, மூன்றால் பெருக்கி, பூச்சியத்தால் வகுக்க 63 வருகிறது; எண் யாது? விடை 14. பின்னும் செயல்கள் எஞ்சியிருந்தால் பூச்சியப் பெருக்கத்தை முடித்துவிடாமல், 'பூச்சியத்தால் பெருக்கப்பட்டது' என்னும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அவர் விதி. இதில் நுண்கணிதத்தின் எல்லைக் கருத்தைக் காண்போர் சற்று மிகைப்படுத்துகின்றனர். ஆயினும் அவர் காரணமின்றி அந்தப் பூச்சியத்தைத் தாமதப்படுத்தவில்லை. பெருக்கியவுடன் 0 என்று எழுதிவிட்டால், 14இல் தொடங்கியவரும் 15இல் தொடங்கியவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பர்; அங்கிருந்து 63க்கு வழியில்லை.