ஒரு நாத்தம், ஒரு பவுடர், கொஞ்சம் பால்

போன கார்த்திகையில திருத்தணி மலை இறங்கி, ஆந்திர எல்லைப் பக்கம் பைக்ல போய்ட்டிருந்தேன். ரோட்டோரம் நெல்லு கதிர் விட்டு நிக்குது. போட்டோ எடுக்கலாம்னு இறங்கினா, மூக்கைச் சுளிக்க வைக்கிற ஒரு நாத்தம். கையில வந்து உக்காந்த ஒல்லியான பூச்சியைத் தட்டிவிட்டேன். நாத்தம் விரல்லயே ஒட்டிக்கிச்சு. வரப்புல நின்ன பெரியவர் சிரிச்சார். "கதிர் நாவாய்ப்பூச்சி தம்பி. பால் குடிக்க வந்திருக்கு."

அந்தப் பால்தான் இன்னைக்குக் கதை.

நெல்மணி முதல்ல அரிசியா இருக்காது. உள்ள வெள்ளையா பால் மாதிரி இருக்கும், அப்புறம்தான் இறுகும். அந்த நேரம் பார்த்து இந்தப் பூச்சி ஊசி வாயைச் செருகி உறிஞ்சிடும். மிச்சம் சாவிதான், அதாவது வெறும் உமி. காலையிலயும் சாயங்காலமும் மேயும், உச்சி வெயில்ல கீழ நிழல்ல பதுங்கும். நெல் இல்லாத மாசத்துல வரப்புப் புல்லுலயே காலம் தள்ளும்.

நாத்தம் எதுக்கு? வளர்ந்த பூச்சிக்கு மார்புக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. குஞ்சுக்கு அது முதுகுப் பக்கம். தொந்தரவு பண்ணினா ஆல்டிஹைடு கலந்த திரவத்தை விடும். கொத்தமல்லித் தழையில இருக்கிறதும் அதே குடும்பத்து ஆல்டிஹைடுதான். இந்தியில இதுக்கு 'கந்தி' பூச்சின்னே பேர். கந்தம்னா வாசனை.

விஞ்ஞானம் இதுக்குப் பேர் வெச்சது 1783ல. வெச்சவர் லின்னேயஸோட மாணவர், ஸ்வீடன்காரர் துன்பர்க். 1914ல ஃப்ளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பத்தி எழுதின பெரிய புத்தகத்தை மெட்ராஸ் அரசு அச்சகம் வெளியிட்டுச்சு. அந்தக் காலத்து வைத்தியம் ரொம்ப எளிமை: துணியில பை மாதிரி வலை தைச்சு, கதிர் மேல வீசிப் பிடி.

1952ல கல்கத்தா பக்கத்துல ரிஷ்ரால பி.எச்.சி. தயாரிக்க ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் திருத்தணி ஆந்திராவுக்குப் போச்சு. ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் 1ல மெட்ராஸ் மாநிலத்துக்குத் திரும்பி வந்துச்சு. எல்லைக்கு ரெண்டு பக்கமும் பூச்சி ஒண்ணுதான், நாளடைவுல பவுடரும் ஒண்ணாயிடுச்சு.

பெரியவர் சொன்னார்: "துணிப்பையில பவுடரைக் கட்டி, கையாலயே உதறிக்கிட்டு நடப்போம். பூச்சி நாத்தம் போய் பவுடர் நாத்தம் வந்துடும். மூஞ்சியில துணி எல்லாம் கட்ட மாட்டோம்."

பூச்சியோட நாத்தம் கை கழுவினா போயிடும். பி.எச்.சி. அப்படிப் போகாது. மண்ணுல வருஷக்கணக்கா தங்கும், கொழுப்புல சேரும். அப்புறம் வந்த ஆய்வுகள்ல இந்தியத் தாய்மார்களோட தாய்ப்பால்லயே அது இருந்துச்சு. நெல்லோட பாலைக் காப்பாத்தப் போட்டது எங்க வந்து நின்னுச்சு பாருங்க. 1997லதான் தடை வந்துச்சு.

அதுக்காகப் பூச்சியை விட்டுடணுமா? இல்லை. ஒரு போகம் சாவியாப் போனா அந்த வருஷக் கடன் யார் அடைப்பா? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது ஒரு கணக்கு. பூக்கிற நேரத்துல 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடிச்சப்புறம் 16. அந்த அளவை எட்டினாதான் மருந்து, அதுலயும் வேப்பங்கொட்டைச் சாறு இருக்கு. வரப்புப் புல்லை வெட்டறது, பக்கத்து வயலோட சேர்ந்து ஒரே சமயத்துல நடறது, இதெல்லாம் அதுக்கும் முன்னாடி. இந்தப் பூச்சியோட முட்டைக்குள்ள தன் முட்டையை வைக்கிற குட்டிக் குளவிகளும் வயல்ல இருக்கு. கண்ணை மூடிட்டு அடிச்சா முதல்ல சாகிறது அதுங்கதான்.

கிளம்பும்போது கேட்டேன், "இப்போ என்ன பண்ணுவீங்க?" பெரியவர் ஒரு கதிரைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு விடியக்காலையில எண்ணணும் தம்பி. இப்பவே மருந்து அடிக்கணும்னு சொல்றது மூக்கு. எத்தனை இருக்குன்னு கண்ணுதானே சொல்லணும்?"

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.