கடாரத்துத் துறைமுகம் எங்கே?

கடாரம் என்றவுடன் நம்மவர் மேடையேறி, 1025-ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழன் படை கடல் கடந்து வந்த கதையைத் தொடங்கிவிடுகின்றனர். முழங்கட்டும், குற்றமில்லை. ஆனால் அக்காலத்துக் கப்பல்கள் எங்கே நின்றன என்று வினவினால் இன்றைய கடற்கரையைச் சுட்டிக் காட்டுகின்றனர். அன்று அலைகள் இதனினும் உள்ளே வந்து மோதின என்பதை அவர் அறியார்.

நாமும் அறிந்திலோம். ஆங்கிலப் பள்ளியில் இங்கிலாந்து மன்னர் வரிசையை உருப்போட்ட நமக்கு, காலடி மண்ணையும் சரித்திர ஏடாகப் படிக்கலாமென எவரும் சொல்லவில்லை. தோட்டத்தில் கிராணி வேலைக்கு வந்த பின்னரே அது விளங்கிற்று. கரையோரத் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டுங்கால், மேல்மண்ணுக்கடியில் கருஞ்சாம்பல் நிறச் சேறு வருவதுண்டு. அழுகிய முட்டை நாற்றம் வீசும். வெயில் பட்டபின் அச்சேற்றில் மஞ்சள் பூக்கும், வாய்க்கால் நீர் புளிக்கும், செம்பனை வாடும். துரைமார் சுண்ணாம்புச் செலவை எண்ணி வருந்துவர். அது கண்டற்காட்டின் அடிச்சேறு. உப்புநீர் ஒருகாலத்தில் அங்கே ஏறி இறங்கியதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இத்தகைய புதையுண்ட மண்ணடுக்குகளையும் ஆற்றுப் படிவுகளையும் ஆராய்ந்து, ஜேன் ஆலன் என்னும் அம்மையார் 1988-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். இன்று வயலும் தோட்டமும் சூழ நிற்கும் சுங்கை மாஸ், பெங்காலான் பூஜாங் முதலிய வாணிகத் தலங்கள் அந்நாளில் கடலையோ கழிமுகத்தையோ ஒட்டியிருந்தன. மேட்டுநிலத்துக் காடு அழிந்தால் மழை மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கிறது. ஆறு அதைக் கழிமுகத்தில் கொட்டுகிறது. கரை மேற்கே நகர்கிறது.

ஆகவே தேட வேண்டியது, சேற்று நிலத்தினிடையே சற்றே உயர்ந்த மேட்டையும் தூர்ந்துபோன ஆற்றுத் தடத்தையுமாம். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் செம்பனைகளுக்கிடையே தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் செங்கற் படித்துறைகளையும் கண்டனர். படித்துறை இருக்கிறது, அதை அடுத்துக் கப்பல் வரத்தக்க ஆற்றைக் காணோம்! அவ்வாறு மண்ணால் மூடப்பட்டுக் கிடக்கிறது.

இம்மேடுகளை முதலில் மிதிப்பவர் பேராசிரியரல்லர். மண்வெட்டி பிடிக்கும் தோழர்களே. பழஞ்செங்கல் ஒன்று அகப்பட்டால் அதை அலுவலகத்துக்குக் கொண்டுவருமாறு அவர்களிடம் நாம் சொல்லியதுண்டா? இப்போதோ மண்வாரி இயந்திரம் வந்துவிட்டது. குவாரிச் வேல்ஸ் தம்பதியர் 1936-37-இல் இப்பள்ளத்தாக்கில் தோண்டிச் சுமார் 30 தலங்களைப் பதிந்தனர். அவ்வரிசையில் 11-ஆம் எண் பெற்ற சண்டி, அதாவது பழங்கோவில், சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்தது. நிலத்தைத் திருத்தும் வேலையில் 2013-இல் அதை இடித்துத் தள்ளினர். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அது அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. செங்கற்கள் சிதறிய பின்னரே பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்தது.