காஸ் லைட்டுக்கு அடியில்

ஆடித் தபசு அன்றைக்கு சங்கரன்கோவில் போயிருக்கிறீர்களா? சாயங்காலம் கோமதி அம்மனுக்கு சங்கரநாராயணராகக் காட்சி. ராத்திரி சங்கரலிங்கராக இன்னொரு காட்சி. மேலநீலிதநல்லூர் முதலான சுற்றுவட்டாரக் கிராமங்கள் மொத்தமும் அன்று சங்கரன்கோவில் தெருவில்தான் நிற்கும். இப்போது சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் ராத்திரியைப் பகலாக்கிவிடுகின்றன. சரி, கரண்ட் வராத காலத்தில் இந்தக் கூட்டம் சாமியை எப்படிப் பார்த்தது?

அதிலும் அது ஆடி மாதம். அம்மியையே தூக்கிக்கொண்டு போகும் என்று நாம் சொல்கிற காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கே புழுதி கிளப்பும் நேரம். அகல் விளக்கெல்லாம் அங்கே நிற்குமா என்ன? வெளியிடத்து வெளிச்சத்தின் வரலாறு என்பது, பாதிக்குப் பாதி, காற்றோடு மனுஷன் போட்ட மல்லுக்கட்டுதான்.

கோயிலுக்குள்ளே பிரச்னை இல்லை. ராஜாவும் வியாபாரியும் நந்தா விளக்குக்கு ஆடு எழுதி வைத்தார்கள். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு சொல்லும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்து கணக்கை நேர்செய்துவிடும். நெய் நிற்கவே நிற்காது. பிரமாதமான ஏற்பாடு! ஆனால், அது இருந்த இடத்திலேயே இருக்கிற விளக்கு. சாமி தெருவுக்கு வந்துவிட்டால்?

அங்கேதான் தீவட்டி வருகிறது. இரும்புப் பிடி, அதில் இறுக்கிச் சுற்றிய பழந்துணி, பக்கத்திலேயே எண்ணெய்ச் செம்போடு ஓர் ஆள். காற்றடித்தால் அகல் அணையும். தீவட்டி இன்னும் கொழுந்து விடும். பல ஊர்களில் இதற்குத் துணி கொடுப்பது, சுற்றுவது, பிடிப்பது எல்லாமே சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் தலைமுறைக் கடமை. கூலி என்று தனியாகக் கிடையாது. அறுவடைக் களத்தில் அளக்கிற தானியம்தான்.

அந்த ஆளுக்கு நம் மொழி என்ன மரியாதை கொடுத்தது தெரியுமா? 'தீவட்டித் தடியன்' என்பது வசவு. இருட்டில் ஊருக்கே வழிகாட்டியவன் பெயர் திட்டாகத்தான் மிஞ்சியது. கூடவே இன்னொரு வார்த்தை, 'தீவட்டிக் கொள்ளை'. பந்தத்தோடு கூட்டமாக வந்து வீடு புகுவது. அந்தக் கால ராத்திரியில் தூரத்தில் வெளிச்சம் வரிசையாக வந்தால், வருவது சாமியா, கல்யாணமா, கொள்ளையா என்று மேளச் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்!

பிறகு சீமெண்ணெய் வந்தது. அதோடு கண்ணாடிச் சிம்னி வைத்த அரிக்கேன் விளக்கும் வந்தது. காற்றுக்கு அணையாது, ஆனால், நாலடிக்கு மேல் வெளிச்சம் எட்டாது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்குப் போதும். திருவிழாவுக்குப் பத்துமா?

வியன்னாவில் ஒருவர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர். சுடரே வெளிச்சம் தர வேண்டும் என்று என்ன கட்டாயம்? சுடரில் எதையாவது காயவைத்து, அதை ஒளிர வைத்தால் என்ன? 1885-ல் முதல் 'மேண்டில்' காப்புரிமை. வெளிச்சம் பச்சையடித்தது, எடுபடவில்லை. 1891-ல் பிடித்துவிட்டார். தோரியம் ஆக்ஸைடு 99 பங்கு, சீரியம் ஆக்ஸைடு ஒரு பங்கு. அந்த உப்பில் ஊறிய சின்னத் துணிப்பையை எரித்தால் துணி போய்விடும்; சாம்பல் வலை நிற்கும். அது பளீரென்று வெள்ளையாக ஒளிர்ந்தது.

1910 வாக்கில் பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் கம்பெனி, பம்ப் அடித்து மண்ணெண்ணெயை ஆவியாக்கி இந்த மேண்டிலில் எரிக்கும் விளக்கைச் செய்தது. பெட்ரோலியத்தில் பாதி, முதலாளி பெயரில் மீதி: பெட்ரோமாக்ஸ். நம் ஊரில் காஸ் லைட். பெரிய மாடலில் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் எட்டு மணி நேரம் எரியும். நானூறு, ஐந்நூறு மெழுகுவத்தி வெளிச்சம்.

இந்தக் கதையில் நம் பங்கு என்ன? மணல்! தோரியம் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. அதற்கு ஐரோப்பா பிரேசிலை நம்பியிருந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தியாவிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணல் எந்த ஊர்க் கடற்கரை என்று தேடி வந்து, 1910-ல் ஆலை போட்டார். எங்கே? மணவாளக்குறிச்சியில். அன்று திருவிதாங்கூர், 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். 1914-ல் யுத்தம் வந்ததும் ஷோம்பெர்க் கைதானார். ஆலை ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போனது. மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டரில் இருக்கிற மணல், கப்பலேறிப் போய் உலகத்தின் தெருக்களுக்கு வெளிச்சமானது. பின்னாளில் அதே தோரியத்துக்கு அணுசக்தி மவுசு வந்தது தனிக்கதை. மணவாளக்குறிச்சி ஆலை இப்போது மத்திய அரசு நிறுவனத்திடம் இருக்கிறது.

சரி, நம் தெருவுக்கு வருவோம். காஸ் லைட் வந்ததும் மாப்பிள்ளை ஊர்வலத்தின் அந்தஸ்தே விளக்குக் கணக்கில் வந்து நின்றது. 'எத்தனை காஸ் லைட் பிடிச்சாங்க?' என்று மறுநாள் டீக்கடையில் விசாரணை நடக்கும். வாடகைக் கடையில் விளக்கு கிடைக்கும். கூடவே தூக்க ஆளும் கிடைக்கும்.

ஏன் தலையில் தூக்க வேண்டும்? உயரே இருந்தால் வெளிச்சம் பரவும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மேண்டில் என்பது வெறும் சாம்பல். கொஞ்சம் குலுங்கினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கையில் பிடித்தால் ஆடும். சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றினால், நடையின் குலுக்கலை எல்லாம் கழுத்து வாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்து ஸ்பிரிங் மனுஷக் கழுத்துதான்! காதுக்கு மேலே இடைவிடாத சீற்றம், உச்சந்தலையில் அனல், முகத்தைச் சுற்றி ஈசல். கல்யாண வீட்டார் ஆடுவார்கள், பாடுவார்கள். இவர் ஆடாமல் அசையாமல் நடக்க வேண்டும். மேண்டில் உதிர்ந்தால் திட்டு முதலில் இவருக்குத்தான்.

1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் அந்த மேண்டிலைப் பொடியாக்க, கவுண்டமணி கொந்தளிப்பாரே, தமிழ்நாடே சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் இருந்தது ஒரு வாடகைக் கடைக்காரரின் நிஜமான வயிற்றெரிச்சல்.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். ஆனாலும், காஸ் லைட் உடனே போய்விடவில்லை. கம்பம் ஊர்வலத்தோடு நடந்து வராதே! ஜெனரேட்டர் வண்டி வந்து அதைப் பாதி ஒழித்தது. மீதியை எல்.இ.டி. ஒழித்தது. நீல எல்.இ.டி. செய்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் புண்ணியத்தில்தான் உள்ளங்கை அளவு பேட்டரியில் ராத்திரி முழுக்க வெள்ளை வெளிச்சம்.

இன்று மொட்டைமாடிக்கு விளக்கு வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் 'ஐ.பி. 65' என்று இருக்கிறதா பாருங்கள். தூசி புகாது, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தம். மஞ்சள் சாயல் வெளிச்சமாக எடுங்கள். பூச்சி குறைவாக வரும். காற்று, மழை, ஈசல். தீவட்டிக்காரர் சமாளித்த அதே மூன்று ஆட்கள்தான்! நமக்குக் கடைக்காரர் சமாளித்துக் கொடுத்துவிடுகிறார்.

உங்கள் தாத்தாவின் கல்யாண ஆல்பம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஊர்வலப் படத்தில் மாப்பிள்ளை தெரிவார், மேளக்காரர் தெரிவார், கார் தெரியும். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த காஸ் லைட் தெரியும். அதற்கு அடியில் நிற்பவரின் முகம் மட்டும் சரியாகத் தெரியாது. காஸ் லைட்டில் எண்ணெய் டேங்க் மேண்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதன் நிழல் நேராக அந்த முகத்தில்தான் விழும்.