முள்ளும் முள்வாங்கியும்

என் பாட்டனாரின் அரைஞாண் கயிற்றில் எப்பொழுதும் ஒரு முள்வாங்கி தொங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த எங்கள் சிற்றூரில் அந்நாளில் காலணி அணிந்து வயலுக்குச் செல்வோர் அரியர். கருவேல முள் தைக்காத பாதமும் அரிது. மாலையில் திண்ணையில் அமர்ந்து, ஊசியால் தோலைக் கீறி, முள்வாங்கியால் முள்ளைப் பற்றி இழுப்பார். நான் விளக்கைப் பிடித்து நிற்பேன். நான் கண்ட முதல் அறுவை வைத்தியம் அதுவே. இழுத்த முள்ளை ஒளியில் திருப்பிப் பார்த்து, “நுனி வந்துவிட்டதா?” என்று கேட்பார். அக்கேள்வியின் ஆழம், ஒரு நோயின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அந்நோய்க்கு மருத்துவ உலகம் இட்ட பெயர் ‘மதுரைப் பாதம்’. 1842-ஆம் ஆண்டில் ஜான் கில் என்னும் மருத்துவர் மதுரையில் இதனைக் கண்டு எழுதினார். 1846-இல் கோல்புரூக் என்பவர் ஊரின் பெயரையே நோய்க்கு வழங்கினார். ஆயினும் நோய் புதியதன்று. உள்ளங்கால் முதலிய இடங்களில் புற்றுப்போல் எழும் ஒரு பிணியைச் சுசுருதர் ‘வல்மீகம்’ என்று முன்பே குறித்துள்ளார்.

முள்ளோடு மண்ணிலுள்ள கிருமியும் உட்புகுகின்றது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பாதத்தில் ஒரு கட்டி எழும். பெரும்பாலும் வலி இராது. பின்னர்ப் பல துளைகள் திறந்து, சீழோடு சிறு மணிகள் கருப்பாகவோ வெண்மையாகவோ செம்மையாகவோ வெளிவரும். இறுதியில் எலும்பும் அரிக்கப்படும். முற்றிய காலுக்கு அக்கால மருத்துவர் அறிந்த வழி, அதனை வெட்டி நீக்குவதே. ஈதர் என்னும் மயக்க மருந்தின் பயன் பாஸ்டன் நகரில் வெளிப்பட்டது 1846-இல்தான். அதற்கு முன் கத்தியின்கீழ் கால் நீட்டிய உழவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்! மருத்துவர் பெயர் ஏட்டில் நின்றது; ஊரின் பெயரும் நின்றது; காலை இழந்தவன் பெயர் நிற்கவில்லை.

நோயின் காரணத்தை ஆராய்ந்தவர் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வாண்டைக் கார்ட்டர். 1858-இல் வெளிவந்த கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவரும் அவரே. அவர் 1860-இல் இது பூஞ்சைக் காளானால் வருவதென்று கூறி, ‘மைசிட்டோமா’ என்று பெயரிட்டார். அது பாதி உண்மையே. காளானைப்போல் இழையிழையாக வளரும் பாக்டீரியாவும் இந்நோயை விளைவிக்கும் என்பது 1894-இல் வின்சென்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் ஆய்வால் தெளிவாயிற்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. காலைக் காப்பதே இதுதான். பாக்டீரியாவால் வந்ததாயின் ஊசிமருந்துக்குப் பணியும். 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், மண்ணில் வாழும் அத்தகைய இழைக்கிருமி ஒன்றிலிருந்தே பெறப்பட்டது. கேடு வந்த மண்ணிலிருந்தே மருந்தும் வந்தது! 1987-இல் மெக்ஸிகோ நாட்டு மருத்துவர்கள் அமிக்காசின் ஊசியோடு கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் கொடுத்துக் கண்ட நற்பயனை வெளியிட்டனர். காளானால் வந்ததாயின் இட்ரகோனசோல் போன்ற மருந்தை மாதக்கணக்கில் உண்ணவேண்டும். கட்டி சிறிதாயிருக்கையிலேயே சிறு அறுவையால் முழுவதும் அகற்றுதல் நலம். 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

புறக்கணித்தவர் யார்? நோயாளியை மட்டும் குறை கூறலாகாது. நோவாத கட்டிக்காக ஒரு நாட்கூலியை இழப்பானேன் என்று உழைப்பாளி எண்ணுகிறான். அந்த ஒரு நாள் பல ஆண்டாகிறது; சிறு கீறலோடு முடியவேண்டியது பெரு வெட்டாகிறது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயங்கட்டும் துணியைத் தறிகள் நெய்கின்றன. தொலைவிலுள்ள புண்களுக்குக்கூட நம் மண் கட்டுத்துணி அனுப்புகிறது. அம்மண்ணில் வெறுங்காலோடு நடப்பவனுக்கு ஒரு சோடி செருப்பும், கட்டி கண்டவுடன் மருத்துவரிடம் செல்ல ஒரு நாள் ஓய்வும் கிடைக்கவேண்டாவா?

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் எவர் பாதத்திலேனும் ஆறாத கட்டி இருப்பின், “வலிக்கிறதா?” என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். வலியில்லை என்பதே இந்நோயின் வஞ்சனை. “நுனி வந்துவிட்டதா?” என்று என் பாட்டனார் கேட்டது போல, உள்ளே எஞ்சியிருப்பது யாது என்று கேளுங்கள்.